காணிக்கையும் பங்கும்

பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தது. சேரிமொழியில் எழுதின தன்வரலாறு என்று அதைக் கொண்டாடினோம். சரிதான். ஆனா அது ஒரு கணக்குப் புத்தகமும்கூட. திருச்சபையில் யார் உழைக்கிறது, யார் வாங்குறது, யாருக்குத் தாராள மனசுக்காரர் என்கிற பேர் போகுது என்கிற கணக்கு. இந்தக் கோணத்தில் அது அதிகம் வாசிக்கப்படவில்லை.

துறவிகள் தரும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று ஏழ்மை. மடத்துக்குள் போன பாமா கண்டது வசதியான வாழ்க்கை, பணக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், அங்கே எடுபிடி வேலைக்கு நம்ம சனம். எந்த வார்த்தைப்பாடும் கொடுக்காமலே ஏழையாக இருக்கிற சேரிக்கு, ஏழ்மையை ஏற்றவர்கள் தர்மம் செய்கிறார்கள். இந்த முரணை அவர் மறைக்காமல் எழுதினார்.

காணிக்கை பற்றிய பிரசங்கத்தில் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு தவறாமல் வரும். மாற்கு 12ஆம் அதிகாரம். அதற்கு முந்தின வசனத்தில் இயேசு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞரைச் சாடுகிறார். அது மட்டும் பிரசங்கத்துக்கு வராது. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, அவள் கையில் ஏன் ரெண்டே காசு மிஞ்சியது என்று கேட்கத் தோணும்.

நான் நெல்லிக்குப்பத்துக்காரன். பாரி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போட்ட கைகளைப் பார்த்து வளர்ந்தவன். கொடுக்கிறதைப் பற்றி எங்க சனத்துக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. அடுத்த வீட்டில் உலை கொதிக்கலேன்னா பானையிலிருந்து ஒரு குத்துச் சோறு போகும். அதுக்கு ரசீது கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

எங்கள் ஊர் இருக்கிற அதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் எறையூரும் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தாங்களே சகாய மாதா கோயிலைக் கட்டி, தனிப் பங்கு கேட்டார்கள். கத்தோலிக்கத் தமிழில் பங்கு என்பது ஒரு கோயிலைச் சார்ந்த சபை. நம்ம பேச்சில் பங்கு என்பது நமக்குச் சேரவேண்டிய பாகம். எறையூர்க்காரர் கேட்டது ரெண்டையும்தான். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள்; போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இருவர் செத்தார்கள். காணிக்கைத் தட்டில் ஒன்றாக விழுந்த காசு, கல்லறையில் பிரிந்தே கிடந்தது.

அரசும் இதையேதான் செய்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். ஞானஸ்நானம் வாங்கினதுக்கு இது தண்டம்.

‘கருக்கு’ மடத்தை விட்டு வெளியேறுவதோடு நிற்கிறது. பங்கின் சொத்து, பள்ளிக்கூட வேலை, நிர்வாகக் குழு யார் கையில் என்ற இடத்துக்குள் அது போகவில்லை. இது நூலின் எல்லை. அதற்கு மேல் எழுதவேண்டியது நாம். திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில் நிலத்தை விற்றுக் கொண்டுவந்தவர்கள் தர்மம் செய்யவில்லை. அவரவர் தேவைக்குத்தக்கபடி பங்கு போடப்பட்டது. திருச்சபைக்குத் தாராளம் என்றால் இதுதான் அளவு. உங்கள் பங்கின் கணக்கு நோட்டை ஒருதரம் கேட்டுப் பாருங்கள் தோழர்களே. அடுத்த புத்தகம் அதில் தொடங்கட்டும்.