திருடிய ஓட்டத்தை ரசிப்பது எப்படி?

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தால், பந்து தேயிலைக்குள் பறக்கும்போதுதான் கூட்டம் எழுந்து கத்தும். கத்தட்டும், ஆறு ஓட்டம் அடிப்பது லேசான வேலையா? ஆனாலும் மழை ஊறிய மைதானத்தில் பந்து புல்லில் சிக்கி நின்றுவிடும். அன்றைக்கு ஆட்டத்தைக் கரை சேர்ப்பவை, எதிரணி அசந்த நேரம் பார்த்து ஓடி எடுக்கும் ஒற்றை ஓட்டங்கள். அவற்றைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பவுண்டரி விழாத ஓவரும் விறுவிறுப்பாகவே இருக்கும்.

முதலில் கண்ணை இடம் மாற்றுங்கள். அடிப்பவரை விட்டுவிட்டு, ஒரு ஓவர் முழுக்க மறுமுனையில் நிற்பவரை மட்டும் பாருங்கள். பந்து கையை விட்டதும் நகரத் தொடங்குகிறாரா? திரும்பி ஓடத் தோதாக மட்டையைப் பிடித்திருக்கிறாரா? கோட்டுக்குக் கோடு 58 அடிதான். முன்கூட்டி வைத்த இரண்டு எட்டு போதும், ஆட்டமிழப்பு தள்ளிப்போகும்.

அடுத்து களத்தடுப்பாளர். அவர் இடக்கைக்காரரா, பந்து எந்தப் பக்கம் போகிறது, குனிந்து எடுத்துத் திரும்பி எறிய வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் நல்ல ஜோடி முன்பே கணக்குப் போட்டிருக்கும். பந்து அடித்தவரின் முதுகுக்குப் பின்னால் போனால் மறுமுனைக்காரர்தான் குரல் கொடுக்க வேண்டும். “வா” என்ற சொல்லில் தயக்கம் தட்டினாலே விக்கெட் போய்விடும். காதையும் தீட்டிக்கொண்டு பாருங்கள்.

பாடமாகப் பார்க்க ஓர் ஆட்டம் சொல்கிறேன்: 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ண இறுதி, இலங்கை எதிர் அவுஸ்திரேலியா. ஜயசூரிய ரன் அவுட். 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட். அதன்பின் அரவிந்த டி சில்வா எடுத்த 107 ஓட்டங்களில் 13 நான்குகள் உண்டு, ஒரு ஆறும் இல்லை. மீதி 55 ஓட்டங்களும் ஓடியே எடுத்தவை. பதிவு கிடைத்தால் நான்குகளைத் தள்ளிவிட்டு இந்த 55-ஐ மட்டும் பாருங்கள். ஓட்டம் வற்றாததால் அவுஸ்திரேலியாவால் நெருக்கடி கொடுக்கவே முடியவில்லை. இலங்கை வெற்றியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இந்தக் கலையைத் தனி ஆயுதமாகவே வளர்த்த விளையாட்டு பேஸ்போல். அங்கே ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் 90 அடி. பந்தை யாரும் அடிக்காமலே, எறிபவர் அசையும் கணத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடிக்கலாம். ரிக்கி ஹென்டர்சன் 1982இல் மட்டும் 130 தளங்களைத் திருடினார். வாழ்நாள் கணக்கு 1,406. தளத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகி நிற்பது என்பதில்தான் ஓடுபவருக்கும் எறிபவருக்கும் இடையே முழுப் போரும் நடக்கும்.

அதே போர் நம் ஆட்டத்திலும் உண்டு. 2014 ஜூனில் எட்பாஸ்டனில், கோட்டை விட்டு முந்தி நகர்ந்த இங்கிலாந்தின் ஜோஸ் பட்லரை இலங்கைப் பந்துவீச்சாளர் சசித்ர சேனாநாயக்க முதலில் எச்சரித்தார், பிறகு விக்கெட்டைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்தார். பெரிய கூச்சல் எழுந்தது. என் கணக்கில் சேனாநாயக்க செய்தது சரி. திருடப் பார்ப்பவர் பிடிபடவும் தயாராக இருக்க வேண்டும். 2022இல் கிரிக்கெட் சட்டமும் இப்படி ஆட்டமிழக்கச் செய்வதை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டது.

ஓட்டம் முடிந்த பிறகும் கண்ணை எடுக்காதீர்கள். 2006 டிசம்பரில் கிறைஸ்ட்சேர்ச்சில், சங்கக்கார சதம் தொட்ட அந்த ஒற்றை ஓட்டத்தை ஓடி முடித்தார் முரளிதரன். கோட்டைத் தொட்டவுடன் சங்கக்காரவை வாழ்த்த நடந்தார். பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது. நியூசிலாந்து விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மெக்கலம் விக்கெட்டைத் தட்டினார், இன்னிங்ஸ் முடிந்தது. சட்டப்படி அது ஆட்டமிழப்புத்தான். பத்து வருடம் கழித்து, லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் மெக்கலம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.