பழைய கம்பளியும் புதிய ரசிகர்களும்: சில குறிப்புகள்

இங்கிலாந்தின் கிழக்கு மத்திய பகுதியில், பழைய உடுப்புகளைத் தரம்பிரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். தெருவோரத் தொட்டிகளில் சனங்கள் போட்டுவிட்டுப் போகும் உடுப்புகளும் சரிற்றிக் கடைகளில் விலைபோகாதவையும் மூட்டைமூட்டையாக எங்களிடம் வருகின்றன. ஓடும் பட்டியில் அவற்றைக் கொட்டுவார்கள். இருபுறமும் நின்று நாங்கள் தொட்டுப் பார்த்துக் கூடைகளுக்குள் எறிய வேண்டும். ஆபிரிக்காவுக்கு ஒன்று, கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒன்று, மெஷின் துடைக்கும் துணிக்கு ஒன்று. சில வருடங்களாக இன்னொரு கூடையும் நிற்கிறது. அதற்கு விண்ரேஜ் என்று பெயர். குளிர்காலத்தில் அந்தக் கூடையை நிரப்புபவை பெரும்பாலும் பழைய சுவெற்றர்களும் கார்டிகன்களுமே.

பட்டியடியில் நிற்பவனுக்கு வாங்குபவர்களின் அபிப்பிராயம் காதில் விழுவதில்லை. 2025 ஒக்ரோபரில், ஆட்கள் போதவில்லை என்று, நகர மண்டபமொன்றில் நடந்த கிலோ விற்பனைக்கு என்னையும் அனுப்பினார்கள். உடுப்பை மரக்கறி போல நிறுத்து விற்கும் விற்பனை அது. கிலோ 20 பவுண். இரண்டு நாட்கள் தராசடியில் நின்றேன். ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்த தோஷம், பிறர் கதைப்பதைக் குறித்துவைக்கும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. மத்தியான இடைவேளையில் பற்றுச்சீட்டுகளின் பின்புறத்தில் எழுதியவற்றிலிருந்து இக்கட்டுரை பிறக்கிறது.

அதிகம் கேட்ட வாசகம் இது: 'அந்தக் காலத்தில் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்!' இருபது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சாம்பல்நிறச் சுவெற்றர் ஒன்றின் உட்புறத்தைத் திருப்பித் தோழிக்குக் காட்டி இப்படிச் சொன்னாள். அவள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அது உடம்பின் வடிவத்துக்கேற்பக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் பின்னப்பட்டது. கைமூட்டுக்கு அருகே சிறிய புள்ளிகளாக ஒரு வரிசை தெரியும். கண்ணி குறைத்த அடையாளம் அது. இன்று மலிவுக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் அகலத் துணியாகப் பின்னி, கத்தரித்து, ஓரம் அடித்துத் தைத்தவை. தையல் விட்டால் துணியும் விட்டுவிடும்.

எனினும் அவள் காணாத ஒன்றை நான் தினமும் காண்கிறேன். அதே காலத்தைச் சேர்ந்த முழங்கை கிழிந்தவையும், ஒருமுறை கழுவியதும் சுருங்கிப் பலகையானவையும், பூச்சி தின்றவையும் பட்டியில் வருகின்றன. அவை கந்தல் கூடைக்குப் போகின்றன. மண்டபத்து மேசைக்கு வந்தவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்து ஒரு காலத்துக்கே நற்சான்றிதழ் எழுதுவது பரீட்சையில் சித்தியடைந்த விடைத்தாள்களை மட்டும் பார்த்துப் பாடசாலையை மெச்சுவது போன்றது. கந்தல் கூடையை மண்டபத்துக்கு யாரும் கொண்டுபோவதில்லை.

'ஒழுங்காகச் செய்தார்கள்' என்ற வாசகத்தின் எழுவாயைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். யார் செய்தார்கள்?

ஊரில் நான் பொருளியல் வரலாறு கற்பித்தேன். கைத்தொழிற் புரட்சி என்ற பாடத்தில் லுடைட்டுகளுக்கு ஒரு மணித்தியாலம். பின்னல் சட்டகம் ஒன்றைக் கண்ணால் காணாமலே அதை உடைத்தவர்களைப் பற்றி வருடாவருடம் விரிவுரை செய்தேன். இயந்திரத்தை வெறுத்த பிற்போக்காளர் என்று பாடப்புத்தகம் சொன்னதை நானும் கொஞ்சம் திருத்தி ஒப்புவித்தேன். இங்கே, அவர்கள் வாழ்ந்த நொட்டிங்ஹாம்ஷயருக்குப் பக்கத்தில் வந்து பழைய சுவெற்றர் பொறுக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. 1811ல் அந்தப் பின்னற்காரர்களின் முறைப்பாடுகளில் ஒன்று இயந்திரம் இருந்ததல்ல. இயந்திரத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்கள். அகலச் சட்டகத்தில் துணியாகப் பின்னி, அதைக் கத்தரித்துத் தைத்து, காலுறை என்று விற்கிறார்கள்; வடிவம் வைத்துப் பின்னத் தெரிந்தவனின் கூலி அதனால் விழுகிறது என்பதே அவர்களின் வாதம். அந்தப் பெண்பிள்ளை உட்புறத்தைத் திருப்பிக் காட்டியது இதே வித்தியாசத்தைத்தான். இருநூறு வருடங்களுக்கு முன் தொழிலாளியின் கோரிக்கையாக இருந்தது இன்று வாங்குபவரின் ரசனையாகிவிட்டது. நடுவில் கூலி என்ற சொல் மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

ஷெட்லாந்துத் தீவுகளின் கதையும் இதுவே. பல நிறங்களில் வரிவரியாகப் பின்னப்படும் ஃபெயர் ஐல் சுவெற்றரை இன்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள். 1920களில் வேல்ஸ் இளவரசர் அதை கொல்ஃப் திடலில் அணிந்தார், அன்றிலிருந்து புகழ் என்று கடைக்காரர் சொல்வார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1872ல், அத்தீவுகளின் கூலிமுறை பற்றி ஒரு விசாரணை நடந்ததை அவர் சொல்லமாட்டார். பின்னிய பெண்களுக்கு வியாபாரிகள் காசு கொடுக்கவில்லை; தேயிலையும் துணியும் கொடுத்தார்கள் என்பது அந்த விசாரணையில் பதிவாகியிருக்கிறது.

'இது இயற்கையானது' என்பது இன்னொரு அபிப்பிராயம். இதில் அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. பாட்டி காலத்துக் கம்பளி என்று கன்னத்தில் வைத்துத் தடவியவற்றில் கணிசமானவை 1970களின் அக்றிலிக். எண்ணெயிலிருந்து எடுத்த இழை. விரல் நுனியே எனக்குச் சொல்லிவிடும். ஒருவரிடம் மெல்ல லேபலைக் காட்டினேன். முகம் வாடியது. ஆனாலும் வாங்கினார்.

கதையுள்ள சுவெற்றர்கள்தான் என்னை நிம்மதியிழக்கச் செய்தன. வெள்ளை நிறத்தில் கயிறு முறுக்கியது போன்ற கோலங்களுள்ள அரன் சுவெற்றர் ஒன்றைத் தராசில் வைத்த இளைஞன், கூட வந்தவளுக்கு விளக்கினான்: அயர்லாந்தின் அரன் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோலம், மீனவன் கடலில் மூழ்கி, உருத்தெரியாமல் கரையொதுங்கினாலும் சுவெற்றரை வைத்து அடையாளம் காண்பார்கள். அவள் 'எவ்வளவு அழகான கதை' என்றாள்.

கதை பொய். இந்தச் சுவெற்றர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. தீவுப் பெண்கள் விற்றுச் சம்பாதிக்கப் பின்னியது. குடும்பத்துக்கொரு கோலம் என்பதற்கு ஆதாரமில்லை. கதையின் வித்து ஜே.எம். சிங் 1904ல் மேடையேற்றிய 'ரைடேர்ஸ் ரு த சீ' நாடகத்தில் இருக்கிறது. அதில் மூழ்கி இறந்தவனைத் தங்கை அடையாளம் காண்பது காலுறையில், தான் பின்னிய கண்ணிகளை எண்ணி. கோலமல்ல, கணக்கு. பின்னர் ஒக்ஸ்போர்டில் நூற்கடை நடத்திய ஹைன்ஸ் கீவே என்பவர் 1930களில் டப்ளினில் இந்தச் சுவெற்றரைக் கண்டு, கோலங்களுக்குப் புராதன சமயப் பொருள்களைக் கற்பித்தார். 1967ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1960களில் கிளான்சி சகோதரர்கள் அமெரிக்க மேடைகளில் இதை அணிந்து பாடினார்கள். மிச்சத்தை உல்லாசப் பிரயாணக் கடைகள் பார்த்துக்கொண்டன.

பாரம்பரியம் புனையப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கலாசார விழாக்களைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. என்னை உறுத்தியது அந்த 'அழகான' என்ற சொல். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், 2025 ஆகஸ்டில், செம்மணியில் எலும்புகளோடு தோண்டியெடுத்த துணிகளையும் சிறு பொருட்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள், யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று. துணியைப் பார்த்து ஆளைத் தேடுவது என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அந்த இளைஞன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அது கடலும் மூடுபனியும் சேர்ந்த ஒரு படம். நிறுத்தேன். ஒரு கிலோவும் நூறு கிராமும். 22 பவுண் வாங்கினேன்.

இரண்டு நாட்களிலும் நான் கேட்டவற்றில் மிகப் பெறுமதியான அபிப்பிராயத்தைச் சொன்னவர் எதையும் வாங்கவில்லை. எண்பது வயது கடந்த ஆங்கிலேய மூதாட்டி. பேத்தியோடு வந்து கதிரையில் இருந்தார். யுத்தகாலத்திலும் அதற்குப் பின்னரும், 1941இலிருந்து 1949 வரை, இந்நாட்டில் உடுப்புக்குப் பங்கீடு இருந்தது. தாயார் அண்ணனின் சுவெற்றரைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவிட்டு, இவருக்குப் பின்னுவாராம். கழுத்தெல்லாம் கடிக்குமாம். 'கடையில் வாங்கிய முதல் சுவெற்றர் அணிந்த அன்று நானும் ஒரு மனுஷி என்று நினைத்தேன். இவள் இப்போது காசு கொடுத்து என்னுடைய வெட்கத்தை வாங்குகிறாள்' என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பேத்தியும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2001ல் இங்கு வந்த முதற் குளிர்காலத்தில் தேவாலய மண்டபமொன்றில் எனக்கும் ஒரு கார்டிகன் தந்தார்கள். மண்ணிறம், தோற்பொத்தான், உள்ளே யாரோ ஒருவரின் பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது. செத்த மனிதனின் உடுப்பு என்று அறை நண்பர் சொன்னார். குளிர் அதைக் கேட்கவில்லை. எங்களாட்கள் காணாதபடி கோட்டுக்குள் அணிந்தேன். அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்தபோது கார்டிகனைக் கழற்றிவிட்டு வெறுஞ்சேட்டோடு பனியில் நின்றேன். மகன் வெளிநாட்டில் பிறர் உடுத்துக் கழித்ததை உடுத்தான் என்று அவ தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டா.

இப்போது என் மகள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், அதே போன்ற ஒரு கார்டிகனை 35 பவுணுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆண்களுடையது. தோள் தொங்கியது.

"உனக்கு என்ன குறை வைச்சனான், பிள்ளை? ஆரோ போட்டுக் கழிச்சதைக் காசு குடுத்து வாங்கிறாய்?"

"அப்பா, புதுசு வாங்கினா பங்களாதேஷிலை ஒருத்தி மாடாய் உழைச்சதை வாங்கவேணும். இது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள்தானே கூலியைப் பற்றி எப்பவும் கதைக்கிறனீங்கள்?"

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இடதுசாரி நண்பர்கள் சிலரும் இந்த ரசனை நுகர்வுக் கலாசாரத்துக்கெதிரான கலகம் என்று வாதிடுகிறார்கள். அவள் அவர்களைவிட நேர்மையாகச் சொன்னாள். அவள் ஒருத்தி உடுத்தும் அளவில் அவள் சொல்வது சரி. நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சந்தை ஒருத்தியின் அளவில் நடப்பதில்லை. இளவரசி டயானா 1981ல் அணிந்த, வெள்ளை ஆடுகளுக்குள் ஒரு கறுப்பாடு நிற்கும் சுவெற்றர் 2023ல் நியூயோர்க் ஏலத்தில் 11 லட்சம் டொலருக்கு மேல் போயிற்று. ஏலத்துக்கு முன்னரே புதிய நிறுவனமொன்று அதே கோலத்தை மறுபடி பின்னி விற்கத் தொடங்கியிருந்தது. பழையதை விரும்புகிறார்கள் என்று தெரிந்தவுடன் பழையதைப் போன்ற புதியது கடைக்கு வருகிறது. எங்கள் பட்டியில் இப்போது அதுவும் வருகிறது: பழைய தோற்றத்துக்காகச் செய்யப்பட்ட, இரண்டு வருடம்கூட ஆகாத, கத்தரித்துத் தைத்த அக்றிலிக். அதை விண்ரேஜ் கூடையில் போட முடியாது. ஆபிரிக்காவிலும் அதற்கு வெயில் அதிகம்.

கம்பளிக் கந்தலுக்கு வேறு வழி இருந்தது. 1813ல் யோர்க்ஷயரின் பற்லி நகரில் பெஞ்சமின் லோ என்பவர் பழங்கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கிப் புது நூலோடு சேர்த்து நெய்யும் முறையைக் கண்டார். அந்தத் தொழில் பின்னர் வட இந்தியாவின் பானிபத்தில் பெரிதாக வளர்ந்தது. ஐரோப்பாவின் பழைய சுவெற்றர்கள் அங்கே கிழிக்கப்பட்டு நிவாரணப் போர்வைகளாகின. அகதி முகாம்களில் கொடுப்பார்களே, சாம்பல் நிறத்தில், எண்ணெய் மணத்தோடு, அதைப் போன்றவை. அவற்றைப் பற்றி மண்டபத்தில் எவரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் அங்கே வந்திருக்கவில்லை.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி அப்பா, எழுதுங்கோவன்" என்றாள். கார்டிகனைக் கழற்றவில்லை.

சென்ற கிழமை எங்கள் பகுதிச் சுவரில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தோற்பொத்தான் வைத்த ஆண்கள் கார்டிகன்களை, முழங்கை கிழிந்திருந்தாலும், இனிக் கந்தல் கூடையில் போடக்கூடாதாம். கிழிந்ததற்கும் இப்போது கேள்வி இருக்கிறதாம். எப்போதிருந்து என்று மேற்பார்வையாளனிடம் கேட்டேன். 'திங்கட்கிழமை' என்றான்.