ஜீன் மெஷின்: ஓட்டம் அதிகம், ரைபோசோம் கம்மி

ஆடலூர்ல முடிக்கொத்து நோய் வந்த மலைவாழையைக் கிழங்கோட தோண்டி எடுத்ததைப் பார்த்துட்டு வந்த வாரம்தான் வெங்கி ராமகிருஷ்ணனின் ‘ஜீன் மெஷின்’ (2018) படிச்சேன். மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலை மும்மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் ரைபோசோமின் கதை. அதன் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக 2009 நோபலில் பங்கு பெற்றவர். போட்டி, பதற்றம், பரிசு ஆசை எதையும் மறைக்கலை, அது பிடிச்சுது. ஆனா யார் முந்தினார் என்ற ஓட்டத்தில் ரைபோசோம் அடிக்கடி ஓரத்துக்குப் போயிடுது.

என் கேள்வி வேற. அந்த வாழை வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. வாழையினுடையதை வைத்தே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. நம்ம சர்வர்ல அடுத்தவன் நிரல் ஓடுற மாதிரி. யாருடைய செய்தி என்று ரைபோசோம் பார்ப்பதில்லையே, ஏன்? ஆன்டிபயாடிக் பாக்டீரியா ரைபோசோமை எங்கே அடைக்கிறது என்று சொல்லும் பக்கங்கள்தான் இதுக்குக் கிட்ட வருது. பரிசுக் கதையைக் குறைச்சு, இன்னும் இருபது பக்கம் அங்கேயே நின்றிருக்கலாம்.