வால் தெரியும் நேரம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றிக் கிடக்கும் உப்பங்கழிகளில் வழக்கமான கடல் ஏற்றம் ஐந்து அடியைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். நீர் ஓடைகளுக்குள் அடங்கியே இருக்கும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் அது ஆறடியைக் கடந்து, மேட்டில் குட்டையாக வளர்ந்த ஸ்பார்ட்டினா புல்லுக்குள் பரவுகிறது. வடகிழக்குக் காற்று பின்னால் தள்ளினால் இன்னும் கொஞ்சம். கோடையில் அந்த நாட்களின் உச்சம் காலையும் மாலையும் எட்டு, எட்டரை மணி வாக்கில் வரும். மாலை ஏற்றம்தான் எனக்குப் பிடித்தது. ஒளி சாய்ந்து மஞ்சளாகும் வேளையில், சற்று முன்பு வரை சேறாக இருந்த இடத்தில் முழங்கால் அளவு கடல் நிற்கும்.

அந்தக் கடலோடு வருகிறது ரெட்ஃபிஷ். முதுகு செம்பு, வயிறு வெள்ளை, வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பொட்டு. சிலவற்றுக்குப் பல பொட்டுகள். அதனால்தான் இவ்வூர்க்காரர்கள் இதை ‘ஸ்பாட்டெயில்’ என்கிறார்கள். நம்மூர்ச் சந்தையில் கிடக்கும் கத்தாளைக்கு இது சொந்தம். அதே குடும்பம், தலைக்குள் அதே பெரிய கல், நெட்டி என்று நம் மீனவர்கள் சொல்லும் காற்றுப்பையை அதிரவைத்து ஒலியெழுப்பும் அதே வித்தை. கோடை முடிந்து இலையுதிரும் பருவத்தில் ஆண் மீன்கள் இணையை அழைத்துக் கொட்டும் இந்த முரசுதான் ‘ரெட் டிரம்’ என்ற இன்னொரு பெயரையும் வாங்கிக் கொடுத்தது.

புல்லுக்குள் இந்த மீனை இழுப்பது ஃபிட்லர் நண்டு. ஆணுக்கு ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்திருக்கும். வற்றத்தில் சேற்றில் கூட்டங்கூட்டமாக மேயும். நீர் ஏறியதும் வளைக்குள் பதுங்கும். மாதத்தில் சில நாட்கள், அதிலும் ஓரிரு மணி நேரமே கிடைக்கும் இந்தப் பந்திக்காக மீன்கள் ஓடையோரம் காத்திருந்து, முதுகு மூழ்கும் அளவுக்கு நீர் வந்த உடனே உள்ளே நுழைந்துவிடும். வாய் கீழ்நோக்கி அமைந்த மீன் இது. நண்டைத் தேடித் தலையைத் தரையில் ஊன்றும்போது, அந்தக் கொஞ்ச நீரில் உடம்பு கொள்ளாமல் வால் வெளியே எழுகிறது. செம்பு நிற வால். அதன் ஓரத்தில், வெயில் பட்டால் மட்டும் தெரியும் ஒரு நீலம். புல்தண்டுகளுக்கு நடுவே மெல்ல ஆடும், மறையும், இரண்டு கஜம் தள்ளி மறுபடி எழும். முதன்முதலாக அதைக் கண்ட மாலையில் அரை மணி நேரம் தூண்டிலை வீசாமலே நின்றேன். அந்த அரை மணியை வீண் என்று இன்றுவரை நினைத்ததில்லை.

மேட்டுத் தரை மணல் கலந்து இறுகியது, ஆள் நடக்கலாம். ஆனால் காலைத் தூக்கி வைத்தால் சளக்கென்று ஓசை. பாதத்தை நீருக்குள்ளேயே நகர்த்திப் போக வேண்டும். முழங்காலிலிருந்து ஓர் அலை கிளம்பிப் புல்லை அசைத்தால் வால் இறங்கிவிடும். முப்பது அடிக்குள் நெருங்கியபின் இரையை எங்கே போடுவது என்பதுதான் எல்லாமே. தலைமேல் விழுந்தால் மீன் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். நான்கடி தள்ளி விழுந்தாலோ, சேற்றில் மூக்கைப் புதைத்த மீனுக்கு அது வந்ததே தெரியாது. அது போகும் திசையில், மூக்குக்கு ஓரிரண்டு அடி முன்னே, புல் விலகிய ஒரு துண்டு நீரில் சருகு விழுவதுபோல விழ வேண்டும். மூக்கோ கண்ணுக்குத் தெரியாது, வாலை வைத்துத்தான் அதைக் கணிக்க முடியும். வாலின் முழு அகலமும் தெரிந்தால் மீன் குறுக்கே நிற்கிறது. ஒரு கோடாகத் தெரிந்தால் நம்மைப் பார்த்தோ, நமக்கு முதுகு காட்டியோ நிற்கிறது. கோடாகத் தெரியும் வாலுக்கு வீசாமல், அது திரும்பும்வரை பொறுப்பவரைத்தான் நான் கைதேர்ந்தவர் என்பேன். நண்டுபோலக் கட்டிய ‘ஃப்ளை’ என்ற பொய் இரையை அதன்பின் ஒரு விரற்கடை இழுத்தால் போதும். வால் ஒருமுறை நடுங்கும். வீசியவர் மூச்சும் அத்தோடு நிற்கும்.

எட்டாம் எண் ஃப்ளை தடி, புல்லில் சிக்காதபடி காப்பு வைத்த முள். கருவியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஸ்பூன்’ என்ற தங்க நிறத் தகட்டு இரையை வீசுவோரும் உண்டு, அதுவும் நல்ல வழியே. உயிர் இறாலை மிதவைக்கடியில் தொங்கவிட்டு ஓடைவாயில் உட்கார்ந்தால் மீன் கூடுதலாகவே படும். அங்கே கண் பார்ப்பது மிதவையை; எனக்கு வாலைப் பார்த்தாக வேண்டும்.

மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இந்த மீனுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருதோம், ரெட்ஃபிஷ் துண்டை வெண்ணெயில் தோய்த்து, மிளகாயும் மூலிகைப் பொடியும் தடவி, புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கிப் பரிமாறினார். அந்தச் சுவையை நாடே கேட்டது. வளைகுடாவில் திரண்டு நின்ற பெரிய மீன்களைச் சுருக்குமடிகள் கூட்டத்தோடு வளைத்தன. 1986-இல் மத்திய அரசு குறுக்கிட்டு அந்தப் பிடிப்பை நிறுத்த வேண்டிவந்தது. வளைகுடாக் கரை மாநிலமான லூசியானாவில் 2024 முதல் ஒருவர் நாளைக்கு நான்கு மீன்தான் எடுக்கலாம், 18 முதல் 27 அங்குலம் வரை உள்ளவை மட்டும். அதைவிடப் பெரியவை, முட்டையிடும் வயதை எட்டியவை, நீருக்கே திரும்ப வேண்டும். நாற்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய மீனுக்கு இந்தக் கட்டுப்பாடு மிகக் குறைந்தபட்ச மரியாதை.

புல்லில் பிடித்ததை நான் எடுப்பதில்லை. நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, வாலடியைப் பிடித்து நேராக நிறுத்தி வைப்பேன். செவுள்கள் சீராக அசையத் தொடங்கும். பிறகு என் விரல்களை உதறிவிட்டுப் போகும். உச்ச ஏற்றம் கொஞ்ச நேரம்தான். புல்தண்டுகளில் ஒரு விரற்கடை ஈரக்கோடு தெரிய ஆரம்பிக்கும். அது நம் கண்ணில் படும் முன்பே வால்கள் ஒவ்வொன்றாக ஓடைப்பக்கம் நகர்ந்திருக்கும். இருட்டுக்குள் கரைக்கு நடந்து வரும்போது, நீர் வடிந்த இடங்களில் வளைகள் திறந்து, தப்பிய நண்டுகள் ஒற்றைக் கொடுக்கோடு வெளியே வந்துகொண்டிருக்கும்.