விழா மலரில் விடுபட்ட பக்கம்

ஊர் வரலாறு எழுதுவோர் நம்மிடையே பெருகியிருக்கின்றனர். சுதந்திர தினத்தையோ, பாடசாலையின் ஆண்டு நிறைவையோ ஒட்டி வெளிவரும் மலர்களில் அத்தகைய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறாமற் போவதில்லை. வரவேற்கத்தக்கதே. ஆயினும், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களை மனத்திற் கொண்டு இவற்றைப் படிக்கும்போது ஒரு பெருங்குறை நம்மை உறுத்துகிறது.

அராபிய வணிகர் வந்தனர். பெருக்க மரத்தைக் கொணர்ந்து நட்டனர். நம் முன்னோர் முத்துக் குளித்தனர். 1948 பெப்ரவரி 4இல் நாடு விடுதலை பெற்றது. இத்துடன் கட்டுரை முடிந்து வாழ்த்துச் செய்திகள் தொடங்கிவிடுகின்றன. பள்ளிமுனைப் பெருக்க மரத்திற்குக் கிடைக்கும் இடம், கடலை நம்பி வாழ்ந்த மனிதருக்குக் கிடைப்பதில்லை. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் கடமையாற்றிய ஆங்கில அதிகாரி லெனார்ட் வூல்ஃப், அங்குக் கண்டதை நினைவுக் குறிப்பாகவும் சிறுகதையாகவும் எழுதிவைத்தார். அந்நியர் ஒருவர் ஒரு பருவத்திற் கண்டு எழுதியதை, தலைமுறை தலைமுறையாய் அக்கடலில் மூழ்கி எழுந்த நாம் எழுதவில்லை. இது நாணத்தக்கது.

அதனினும் பெரிது 1990ஆம் ஆண்டைப் பற்றிய மௌனம். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். மன்னார்த் தீவினர் வள்ளங்களிலேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. சொந்த ஊரின்றி அக்குடிசை வாயிலில் நின்றோருக்குப் பெப்ரவரி 4 என்ன பொருள் தந்தது? எந்த மலரும் கேட்கவில்லை.

பழம்புண்ணைக் கிளறலாமா என்பர் சிலர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர், ஆயினும் ஏற்பதற்கில்லை. வெளியேற்றியது ஆயுதம் ஏந்திய இயக்கம். அயலில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல கண்ணீரோடு வழியனுப்பியதை வெளியேறியோரே சொல்லியிருக்கின்றனர். நாம் எழுதாதுவிட்டால் கொடுமை மட்டுமா மறையும்? அந்தக் கண்ணீரும் அதனுடன் மறைந்துபோகும். பிறகு எஞ்சுவது வதந்தியும் வன்மமுமே.

2016ஆம் ஆண்டு சுதந்திர தின அரச விழாவில் தேசிய கீதம் பல பத்தாண்டுகளுக்குப் பின் தமிழில் இசைக்கப்பட்டது. 2020இல் அது தவிர்க்கப்பட்டது. இரண்டையும் தமிழரின் செய்தியாகவே நம் எழுத்தாளர் சிலர் கடந்து சென்றனர். எருக்கலம்பிட்டித் தாய் தாலாட்டுவது எம்மொழியில்? அம்மொழி பேசியவாறே அவள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டாள். அம்மொழியிலேயே நாட்டை வாழ்த்தவும் உரிமையுடையவள். இந்த இரட்டை நிலையைத் தொட்டெழுதும் கட்டுரை, பத்து அராபியக் கப்பல்களின் கதையைவிட நமக்கு வேண்டப்படுவது.

2009க்குப் பின் பலர் ஊர் திரும்பியிருக்கின்றனர்; பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். அன்று பத்து வயதில் வள்ளமேறியவர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். அவரை மடியிலிருத்தி வந்த உம்மாமார் ஒவ்வொருவராய்க் குறைந்து வருகின்றனர். அடுத்த மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர், பிரமுகரிடம் வாழ்த்துரை கேட்கச் செல்லுமுன் அவ்வும்மாமாரிடம் செல்லட்டும். வீட்டைப் பூட்டிய சாவியை என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னவாறே எழுதட்டும்.