கையெழுத்தில்லாத ரசனை

தமிழ் சினிமா விமர்சனத்தில் ‘நான்’ ஆரம்பத்திலேயே துணிச்சலாக வந்தது. 1930களில் ஆனந்த விகடனில் எழுதிய கல்கி தன் விருப்பு வெறுப்புகளை மறைத்ததில்லை. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கச்சேரிகளை எடைபோட்ட அதே காதும் கேலியும் அவர் படம் பார்க்கும்போதும் கூடவே இருந்தன. லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘பக்த நந்தனார்’ 1935இல் வந்தது. ஊரே வாய்பிளந்த அந்தப் படத்தை அவர் கிழித்தெடுத்தார். அவர் தீர்ப்பு சரியா என்பது வேறு விஷயம். எந்த அளவுகோலால் அளக்கிறார் என்று வாசகருக்குத் தெரிந்தது. அதனால் அவரோடு சண்டை போடவும் முடிந்தது.

அந்தச் சுதந்திரத்தையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசன்தான் பிறகு ஜெமினி ஸ்டுடியோவையும் நடத்தினார். கல்கியே எழுதிய ‘தியாகபூமி’ 1939இல் படமானபோது, அதன் காட்சிப் படங்களோடு விகடனில் தொடராக வந்தது. பத்திரிகைக்கும் படத்துக்கும் நடுவே சுவர் அவ்வளவு உயரமாக இருக்கவில்லை.

பிறகு மார்க் வந்தது. விகடன் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்குக் கொடுத்த 62.5 இன்றும் பேசப்படுகிறது. அந்த அரை மார்க் எதற்காம்? கேட்க ஆளில்லை. தீர்ப்பின் கீழே ‘விமர்சனக் குழு’ என்றுதான் இருக்கும். குழுவுக்கு நேர்மை இருக்கலாம், ரசனை எப்படி இருக்கும்? ஒருவருக்குக் கண் கலங்கிய காட்சியில் இன்னொருவர் கொட்டாவி விட்டிருப்பார். சராசரி எடுத்தால் இரண்டும் காணாமல் போகும்.

இன்னொரு பக்கம் ஆய்வு வளர்ந்தது. கார்த்திகேசு சிவத்தம்பி, தியடோர் பாஸ்கரன், எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோர் இல்லாமல் தமிழ் சினிமாவின் அரசியலைப் பேச முடியாது. ஆனால் படம் சமூகத்தை என்ன செய்தது என்பதே அவர்களுடைய முக்கியக் கேள்வி. அந்தக் கருவிகளைக் கடன்வாங்கிய சிற்றிதழ்க் கட்டுரைகள் பலவற்றில், எழுதியவருக்குப் படம் பிடித்ததா என்பதைக் கடைசி வரி வரை கண்டுபிடிக்க முடியாது.

இலக்கியத்தில் விமர்சகர் க.நா.சு. இருந்தார். ‘எனக்குப் பிடித்தது’ என்று பட்டியல் போட்டார், வசை வாங்கினார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை புத்தகம் தேடியது. சினிமாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஜெமினியை உள்ளிருந்து பார்த்த அசோகமித்திரன் சில கட்டுரைகளில் அருகே வந்தார். பல ஆண்டுகளாகத் தன் ரசனையை வெளிப்படையாக வைத்துத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதிவரும் பரத்வாஜ் ரங்கனோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்.

இப்போது ‘நான்’ யூடியூபில் சத்தமாகத் திரும்பியிருக்கிறது. 2024 இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்கக் கோரித் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. நியாயம்தான். கருத்துக்குத் தவணை கேட்பது அபத்தம். ஆனால் தியேட்டர் வாசலில் ‘மொக்கை’, ‘வேற லெவல்’ என்று கத்துவது ரசனையாகிவிடாது. பிடித்தது எந்தக் காட்சியில், நடிப்பிலா வெட்டிலா இசையிலா என்று சொல்லும்போதுதான் எதிரே இருப்பவர் பதில் பேச முடியும்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மார்க்கை விடுங்கள். ஒருவரிடம் இரண்டு பக்கம் கொடுத்து, கீழே அவர் பெயரைப் போடுங்கள்.