சிறாரும் செகப்பிரியர் நாடகமும்

பள்ளிக்குப் புதிதாய்ப் புகுந்த இளஞ்சிறாரைப் பழைய பெருநாடகங்களில் நடிக்கப் பயிற்றல் தகுமோ என்பது கற்றோர் ஆராய்தற்குரியதொன்று. கதையை மாத்திரம் உரைநடையிற் சுருக்கிச் சொன்னாற் போதும் என்பர் ஒரு சாரார். அவர்க்குத் துணையாய் நிற்பது, சார்லசு லாமும் அவர்தம் தமக்கையார் மேரி லாமும் 1807-ஆம் ஆண்டில் வெளியிட்ட செகப்பிரியர் நாடகக் கதைகள் என்னும் ஆங்கில நூலாம். 20 நாடகங்களின் கதையை இளையோர்க்கென எளிதாக்கி, மூலவாசிரியர் சொற்களை இயன்றவிடமெல்லாம் பெய்துவைத்த அந்நூல் கேட்டற்கு இனிது; அதன் சிறப்பை யாம் மறுக்கின்றிலம். ஆயின் நடித்தற்கு அது வழிகாட்டாது.

இதற்குச் சான்று 'நடுவேனிற் கனவு'. ஏதென்சு நகரத்துத் தொழிலாளர் அறுவர், தம் தலைவன் மணவிழாவில் ஆடுதற்கு ஒரு நாடகத்தை ஒத்திகை பார்த்து அரங்கேற்றும் பகுதி மூலத்தில் உண்டு. மேரி அம்மையார் எழுதிய கதையிலோ அது முற்றும் ஒழிந்தது. 'பாட்டம்' என்னும் நெசவாளி, காட்டில் வழிதப்பிய கோமாளியாய்ப் பெயருமின்றி வந்துபோகின்றான். சிறார்க்கு மிகத் தக்க பகுதி எதுவோ அதுவே விடுபட்டதாயிற்று.

எவ்வாறெனின், அதன்கண் ஒருவன் சுவராய் நின்று விரல்விரித்துத் துளை காட்டுகின்றான்; ஒருவன் விளக்கேந்தி நிலவாகின்றான்; பாடம் விரைவில் ஏறாத தச்சனுக்கு, முழங்குதலே போதுமெனத் தேற்றிச் சிங்கவேடம் தருகின்றனர். வேடமனைத்தும் தனக்கே வேண்டுமென்கின்றான் பாட்டம். ஐந்தாறு வயதுக் குழவிகள் விளையாட்டில் நாடோறும் செய்வன இவையே அல்லவோ? கூச்சமுடையான், நாத்திருந்தாதான், துடுக்குடையான் ஆகிய அனைவர்க்கும் ஈண்டு இடமுண்டு.

காதலர் இருவர் மாயும் கதை சிறார்க்கு ஏலாதெனின், அற்றன்று. மாய்ந்து கிடந்த பாட்டமே எழுந்து அவையோர்க்கு விடைகூறுமாறு அமைத்து, ஆசிரியர் துயரை நகையாக்கினார். சிங்கமும் தான் சிங்கமன்று, தச்சனே எனக் கூறி மகளிர் அச்சம் நீக்குகின்றது. வேடம் வேறு, தான் வேறு என்பதைக் குழவிக்கு இதனினும் எளிதாக உணர்த்துவார் யார்?

பழஞ்சொல் விளங்காதே எனின், ஆத்திசூடியை நம் சிறார் பொருளுணர்ந்தோ முதற்கண் ஓதினர்? செவியும் நாவும் முன்னே பழகப் பொருள் பின்னே மலரும். எனினும் நாடகம் முழுதையும் உருப்போடச் செய்தல் கொடுமை. கதையை அவர்தம் சொல்லால் நடத்தச்செய்து, மூலத்தின் இரண்டு மூன்று அடிகளை மட்டும் ஓசை பிறழாது சொல்லுவித்தலே முறை. வேடங்களையும் மாற்றி மாற்றித் தருக.

ஒன்று மறவற்க. இலண்டன் மாநகரத்துப் பிளாக்பிரையர்சு அரங்கிற் சிறுவரைக்கொண்டு நாடகம் நடத்தியோர், 1600-ஆம் ஆண்டில், பள்ளிக்குச் சென்ற தாமசு கிளிப்டன் என்னும் 13 வயதுச் சிறுவனை வழியிற் கவர்ந்து சென்றனர். தந்தையார் முறையிட்டு மீட்டார். ஆண்டுவிழாவிற் கைதட்டல் பெறுதற்பொருட்டுக் குழவிகளை அடித்தும் அச்சுறுத்தியும் வேடங்கட்டுவோர் செய்வதும் அப்பிழையின் இனமே. ஆசிரியன்மார் குழவிகளின் மகிழ்ச்சியையே பயனெனக் கொண்டு, அத்தொழிலாளர் நாடகத்தினின்று தொடங்குவாராக.